அல்சூர் தாத்தாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

பெங்களூரில் இருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். கொண்டுபோன துணிகூட இன்னும் மூட்டையாகத்தான் கிடக்கிறது. ஆனால் இதை எழுதிவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் பிள்ளைகள் தென்பெண்ணையில் இறங்கிவிட்டார்கள்! முழங்கால் அளவுத் தண்ணீர்தான், இருந்தாலும் இறங்கினார்கள். சாமி தீர்த்தவாரிக்கு வந்த நேரத்தில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, ஈரத் துணியோடு கரையேறி, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக் கொடு என்று உயிரை வாங்கினார்கள். போன வருடத் திருவிழாவில் ஒரு பிள்ளைகூடக் கரைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஃபெஞ்சல் புயலையும், சாத்தனூர் அணை திறந்து ஊருக்குள் வந்த வெள்ளத்தையும் பற்றித் திரும்பவும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அரிசியும் பாயும் போர்வையும் வந்து சேர்ந்த பிறகு நாங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினோம். புத்தகம் கிடையாது. ஆறு, கரை, கழனி, மரம், மழை இவைதான் பாடம். எதைக் கண்டு பிள்ளைகள் பயந்து கிடந்தார்களோ அதையே கூட இருந்து பார்க்க வைப்போம் என்று ஒரு யோசனை. அதற்கு ஒரு மழைமானி வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்து வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா” என்றார். பொதுத்துறை ஆலையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்சூரில் தன் வீட்டு மாடியில் வைப்பதற்காகத் தகரத்தை வெட்டி, பற்றவைத்துத் தானே செய்த மழைமானி அது. மறுநாளே துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் அல்சூர் தாத்தா என்றே எழுதுகிறேன். பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மழைமானிக்கே நன்றி சொல்ல வேண்டும், சரி. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததை நாங்கள் யாரும் கேட்கவில்லை. தினமும் காலை எட்டரை மணிக்கு ஊருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். நம் நாட்டில் மழை அளவை எட்டரைக்குத்தான் எடுப்பார்கள், முந்தைய நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை ஒரு கணக்கு. மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் இருந்தது. அவளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். வானம் கறுத்தால் புத்தகப் பையைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்துகொள்வாள். யார் கூப்பிட்டாலும் இறங்க மாட்டாள், பேசவும் மாட்டாள்.

அவளிடம்தான் தாத்தா தினமும் கேட்டார். “சொல்லும்மா, எவ்வளவு?”

தை மாசியில் மழை எங்கே பெய்கிறது? அளக்க ஒன்றும் இல்லை. அவளும் நோட்டைக் காலியாக விட்டுவிட்டாள். அதற்கு அவர் சொன்னதை அவளே என்னிடம் ஒப்பித்தாள். “காலியா விட்டா நீ பாக்கலைன்னு அர்த்தம். பூஜ்யம்னு எழுதினா, பாத்தேன், மழை இல்லைன்னு அர்த்தம். பூஜ்யத்தை எழுதும்மா.” அந்த நோட்டில் பங்குனி வரை பூஜ்யமாகவே ஓடுகிறது. பூஜ்யத்தைக் கேட்பதற்காக ஒரு மனிதர் தினமும் போன் செய்திருக்கிறார்! வீட்டில் இருப்பது ஒரே போன். கரும்பு வெட்டப் போகும் அவள் அம்மா, அந்த அழைப்புக்காகவே போனை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கும் இங்கே ஒரு கும்பிடு.

கோடை மழை தொடங்கியதும் எண்கள் வந்தன. அவளும் பேசத் தொடங்கினாள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் என்று தாத்தா கணக்குப் போட்டுக் காட்டினார். ஃபெஞ்சலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை வைத்து அவளே பெருக்கினாள். ஏக்கருக்கு இருபது லட்சம் லிட்டர். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவ்ளோ தண்ணிய வெச்சிக்கினு ஆறு எங்க போவும்?” என்றாளாம். இதைச் சொல்லும்போது தாத்தாவுக்குக் குரல் கம்மிவிட்டது.

போன மே மாதம் பெங்களூரு மழையில் மிதந்ததே, அன்று நடந்தது வேறு. எட்டரைக்குக் காத்திருக்காமல் அவளே கூப்பிட்டுவிட்டாள். “தாத்தா, உங்க வூட்டுல தண்ணி வந்துடுச்சா? நோட்டெல்லாம் எடுத்து மேல வெச்சிடுங்க.” தாத்தா பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி: “அந்தத் தண்ணி இங்க எப்ப வரும்?”

அவள் கேட்டது சரியான கேள்வி. பெங்களூரில் இருக்கும் நமக்கே பல பேருக்குத் தெரியாது. தென்பெண்ணை பிறப்பது நந்தி மலைப் பக்கம். நம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழிந்தால் போய்ச் சேர்வதும் அந்த ஆற்றில்தான். அல்சூர்த் தண்ணீரும் அந்த வழிதான். தாத்தா அவளை ஒரு தாளில் வரிசையாக எழுத வைத்தார்: கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, அப்புறம் திருக்கோவிலூர், அப்புறம் நம்ம ஊர். இத்தனை இடம் தாண்டித்தான் வரணும், வழியில் நின்று நின்றுதான் வரும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எங்கிருந்தோ ராத்திரியில் வந்து விழுந்த தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது, வழியில் ஊர்கள் இருக்கின்றன, ஓர் ஊரில் தனக்குத் தெரிந்த தாத்தா இருக்கிறார். மனநல மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு அவள் பரணில் ஏறவில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றில் முதலில் இறங்கியவளும் அவள்தான், கையில் அளவுக் குச்சியோடு. மூட்டு வலியால் தாத்தா இதுவரை ஊர்ப்பக்கம் வந்ததில்லை. அவளை அவர் நேரில் பார்த்ததும் இல்லை.

மற்றவர்களுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை நம்பிக் கொடுத்த தலைமையாசிரியை. மரக்கன்றுகளை ஓசூரிலிருந்து வாடகை வாங்காமல் ஏற்றிவந்த டெம்போக்காரர். சிவாஜி நகர் ஸ்டேஷனரிக் கடை பாய். தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து, பறவை பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீன்கொத்தியும் தவிட்டுக்குருவியும் என்று தமிழ்ப் பெயர்களோடு திரும்பிப் போன என் அடுக்ககத்துக் கன்னடத் தம்பிகள். கரையில் நட நாவலும் புங்கனும் பனங்கொட்டையும் சேர்த்துக் கொடுத்த ஊர்ப் பாட்டிகள். எல்லாருக்கும் நன்றி. பேனர் கட்டாமல், போட்டோ கேட்காமல் கொடுத்தவர்களுக்கு இன்னொரு முறை நன்றி. கேட்டவர்களும் இருந்தார்கள், அதை விடுங்கள்.

கழனிக்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணல் ஏறிக் கிடந்த நிலத்தைப் பிள்ளைகள் தோண்டிப் பார்க்க விட்டார்கள். ஒவ்வொரு கழனி மண்ணையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல் மெல்லப் படியும். களிமண் இறங்கித் தண்ணீர் தெளிய மறுநாள்கூட ஆகும். திண்ணையில் பாட்டில்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், பிறகு அதன் முன்னாலேயே உட்கார்ந்து, எந்தக் கழனியில் மணலை வாரித்தான் ஆக வேண்டும், எதில் உழுது கலந்து மல்லாட்டை (வேர்க்கடலை) போடலாம் என்று பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் பாட்டிலைப் பார்த்துப் பயிரை முடிவு செய்த ஊர் என்று நாங்கள் இனி கொஞ்சம் பெருமை பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதில் என் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் உண்டு என்பது இந்த வருடம்தான் உறைத்தது. அதற்காக என் அளவில் சிலவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதைப் பட்டியல் போட்டு உங்களை அறுக்க மாட்டேன். ஆனால் கோடை விடுமுறையில் பிள்ளைகளை நந்தி மலைக்கும் வர்த்தூர் ஏரிக்கும் கூட்டிவருவது என்று முடிவு செய்துவிட்டோம். ஆறு பிறக்கும் இடத்தையும் அதை நாம் வைத்திருக்கும் லட்சணத்தையும் அவர்கள் இரண்டையும் பார்க்கட்டும். அல்சூரில் ஒரு வீட்டு மாடிக்கும் போவோம்.

கடைசியாக ஒரு வேலை. மழை நோட்டில் பக்கங்கள் தீரப் போகின்றன. கடைகளில் கணக்கு எழுதுவார்களே, அந்த நீள நோட்டு, கெட்டி அட்டை போட்டது, இரண்டு வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்புகிறது. கொடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் என் வீட்டில் சேர்த்துவிடுங்கள்.