யானைக் கடிகாரம் பார்த்தேன், அத்தா

துபாய், ஜெபல் அலி

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். அம்மாவும் தங்கச்சியும் நலமா? நன்னிக்கு மூட்டுவலி பரவாயில்லையா?

வேலை பழகிவிட்டது. மொட்டை மாடியில் ஏசி சில்லர்களோடுதான் என் பொழுது போகிறது. வெயிலோடு கடல் ஈரமும் சேர்வதால் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். அதனால் உச்சி வெயிலுக்குத் தப்பிவிடுகிறோம். சமையல் முறைவைத்துத்தான். என் முறை வரும் அன்று மட்டும் எல்லாருக்கும் வெளியே விருந்து இருக்கிறதாம்!

லீவில் எங்கே போவாய் என்று கேட்டீர்களே. பக்கத்தில் இப்னு பதூதா என்ற அந்தக் காலத்துப் பயணியின் பெயரில் ஒரு மால் இருக்கிறது. அவர் போன நாடுகள் மாதிரியே ஒவ்வொரு பகுதியையும் கட்டியிருக்கிறார்கள். வாங்க நமக்கு ஒன்றுமில்லை, ஏசிக்காகத்தான் போனேன். இந்தியப் பகுதியில் பெரிய யானை ஒன்று நிற்கிறது. முதுகில் அம்பாரி, அதன்மேல் கோபுரம், நடுவே இரண்டு பாம்புகள். அது ஒரு கடிகாரம் அத்தா. அல் ஜஸரி என்பவர் 1206ல் எழுதி முடித்த புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துச் செய்தது. இன்றைய துருக்கியில் இருக்கும் தியார்பக்கிரில், அரண்மனையில் வேலை பார்த்தவர் அவர்.

வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு கிண்ணம் மிதக்கிறது, அடியில் சின்னத் துளை. தண்ணீர் ஏறி அது முங்க அரை மணி நேரம். முங்க முங்கக் கயிற்றை இழுக்கும். அம்பாரியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் பொம்மையின் பேனா அதோடு மெல்லத் திரும்பி நிமிஷத்தைக் காட்டும். கிண்ணம் முழுசாக முங்கியதும் மேலே ஒரு குண்டு விடுபட்டுப் பாம்பின் வாயில் விழும். அந்தக் கனத்தில் பாம்பு கீழே சாயும்; சாயும்போதே முங்கிய கிண்ணத்தைச் சங்கிலியால் தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிடும். பாகன் பொம்மை அடிக்கும், தாளம் ஒலிக்கும். குண்டு போனதும் பாம்பு தானாக மேலே ஏறிவிடும், கிண்ணம் மறுபடி மிதக்கும். மேலே குண்டு இருக்கும்வரை ஓடும். கரண்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை!

அதே புத்தகத்தில் தண்ணீர் பம்பும் இருக்கிறது. எதிரெதிராக இரண்டு செம்பு சிலிண்டர், ஒன்று உறிஞ்சும்போது மற்றது தள்ளும். கூடவே உறிஞ்சுகுழாயும் ஒருவழி வால்வும். போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நம்ம மோட்டார் ரிப்பேர் கடைதான் கண்முன் வந்தது. அடுத்தவன் செய்து பார்க்கும்படி எதை எங்கே வைப்பது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். செய்து பார்க்காத வித்தையை நம்ப முடியாது என்பது அவர் கட்சி. நீங்களும் அப்படித்தானே.

ரூமில் ஒருத்தர், உலகத்தில் எல்லாமே நம்ம முஸ்லிம் ஆட்கள் கண்டுபிடித்ததுதான் என்பார். எனக்கு அது ஒப்பவில்லை. தனக்கு முன்னால் செய்த கிரேக்க ஆர்க்கிமிடீஸையும் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களையும் அல் ஜஸரியே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். முங்குகிற கிண்ணமும் நம்ம பக்கம் அந்தக் காலத்தில் நேரம் பார்த்த நாழிகை வட்டில்தானே. யாரிடம் எடுத்தார் என்பதை மறைக்காததில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த இப்னு பதூதா 1340களில் மதுரைக்கே வந்திருக்கிறார். ஊரில் கொள்ளைநோய், இவருக்கும் கடும் காய்ச்சல். பிழைக்கமாட்டோம் என்று நினைத்தவர் அங்கே கிடைத்த புளியை நிறையக் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் விட்டதாக எழுதியிருக்கிறார். அவர் வந்தபோது ஆண்ட சுல்தான் அவருக்குச் சகலை. அப்படியும் அவன் செய்த கொடுமைகளை மறைக்காமல் எழுதிவிட்டார்.

கடைக்கு வைண்டிங் மெஷின் பார்த்ததாகச் சொன்னீர்கள். பழையதை வாங்க வேண்டாம். இந்த மாதச் சம்பளத்தில் தங்கச்சி ஃபீஸோடு அதற்கும் சேர்த்து அனுப்புகிறேன். மீதியை விற்பவர் தவணைக்கு ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் மகன்