சின்ன ட்ரவுட்னா குஞ்சுன்னு நினைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல குளிர் ஏரில வளர்ற ட்ரவுட் மீன் பத்தின கட்டுரை படிச்சேன், ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா கடைசில சின்ன மீன் மாட்டினா திருப்பி விட்டுடணும், வெளியிலேர்ந்து குஞ்சும் நிறைய கொண்டுவந்து ஏரில விடணும்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது எல்லா ஏரிக்கும் சரிப்பட்டு வராது சார்.

அடி வரைக்கும் தெளிவா தெரியற ஏரின்னா பெரும்பாலும் அதுல சத்து இல்லைன்னு அர்த்தம். பாஸ்பரஸ் கம்மி, அதனால பாசி கம்மி, அதை நம்பி இருக்கற புழு பூச்சி நத்தை எல்லாமே கம்மி. குளிர் வேற. பிரவுன் ட்ரவுட்ங்கற வகை பூச்சி தின்னு நல்லா வளர்றது சுமார் 13 டிகிரி செல்சியஸ்ல, 4 டிகிரிக்கு கீழ போச்சுன்னா வளர்ச்சி கிட்டத்தட்ட நின்னுடும், பாதி வருஷம் ஐஸ் மூடிக் கிடக்கற ஏரில அது வளர்றதுக்கு கிடைக்கறதே சில மாசம்தான்.

இதுல ஏரிக்கு வர்ற ஓடைல ட்ரவுட் முட்டை போட நல்ல சரளைக்கல் இருந்துட்டா முட்டை நிறைய பொரிஞ்சு குஞ்சு குவிஞ்சிடும், இருக்கற கொஞ்ச தீனிக்கு அத்தனையும் போட்டி போட்டு ஒண்ணுகூட பெருசாகாது. அந்த மீனை கையில எடுத்துப் பாருங்க, தலை பெருசு, உடம்பு ஒல்லி, வயித்தைக் கீறினா பொடிப்பொடி பூச்சிப் புழு கொஞ்சம் கிடக்கும். செதில்ல இருக்கற வளையத்தை எண்ணி வயசு பாக்கறதும் இங்க ஏமாத்திடும், வளையம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கிப் போயிருக்கும், மீனோட தலைக்குள்ள காதுல இருக்கற சின்னக் கல்லை எடுத்துப் பாத்தாதான் நிஜ வயசு தெரியும். கலிபோர்னியால சியரா நெவாடா மலைமேல இருக்கற பன்னி லேக்ல வளர்ச்சி குன்றின புரூக் ட்ரவுட்ங்கற இன்னொரு வகை 24 வயசு வரைக்கும் இருந்திருக்கு! அதைப் போய் குஞ்சுன்னு திருப்பி விட்டா என்ன வளரும் சொல்லுங்க?

அதனால இந்த மாதிரி ஏரில சின்னதை எடுத்து சமைச்சு சாப்பிடுங்க, பெருசைத்தான் விடணும். ஏன்னா ஆழமான ஏரில ‘ஆர்க்டிக் சார்’ (Arctic char)ங்கற மீன் மாதிரி வேற மீன் இருந்தா சில ட்ரவுட் பூச்சியை விட்டுட்டு மீனைத் தின்ன ஆரம்பிச்சு மளமளன்னு பெருசாகிடும், ஸ்காட்லாந்துல ஃபெராக்ஸ்னு சொல்றது அதைத்தான். அது சின்ன ட்ரவுட்டையும் பிடிச்சுத் தின்னும், கூட்டமும் குறையும். அதை ஒரு போட்டோவுக்காக கொல்றதைப் பாத்தா மனசு வலிக்குது.

முட்டை போட ஓடையே இல்லாத ஏரின்னா கதை வேற, அங்க குஞ்சு விட்டாதான் மீனே இருக்கும், அதுவும் அளவா. அடுத்த தடவை எழுதும்போது எந்த ஏரிக்கு எந்த ரூல்னு பிரிச்சு எழுதுங்க சார், உங்களைப் படிச்சுட்டு தூண்டில் எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேர்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்