மஞ்சள் விற்ற பணமும் 240 தவணைகளும்

சோமனூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசனுக்கு,

ஆத்தாளின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். நோம்பிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்ததற்கும், பிறகு ஒரு வரிகூட எழுதாததற்கும் உன் வசவை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். மஞ்சள் விற்று வந்த 2 லட்சத்தை இப்போதே வீட்டுக் கடனில் கட்டுவதா, பத்து வருடம் கழித்துக் கை தாராளமாகும்போது பார்த்துக்கொள்வதா என்று நீயும் தங்கச்சியும் யோசித்துக்கொண்டிருப்பதாக மாரப்பன் சொன்னான். அதற்காகத்தான் இந்த அவசரக் கடிதம்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் வாங்கிய கடன்: 20 லட்சம், 20 வருடம், 9 சதவீதம், தவணை 17,995 ரூபாய். சென்ற மாதம் அறுபதாவது தவணை முடிந்ததும் பாக்கி எவ்வளவு என்று கேட்க வங்கிக்குப் போனேன். 10,79,700 ரூபாய் கட்டியிருந்தும் பாக்கி ஏறத்தாழ 17,74,000 என்றார்கள். ஐந்து வருடத்தில் அசல் குறைந்தது 2,26,000 மட்டுமே! நான் குரலை உயர்த்தியதில் அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மூன்று இரவுகள், தறிச் சத்தத்துக்கு நடுவே, நம் கணக்கு வாத்தியார் சொல்வாரே, அதுபோல முதல் வரியிலிருந்து போட்டுப் பார்த்தேன். யாரும் ஏமாற்றவில்லை, குமரேசா. கணக்கே அப்படித்தான் இருக்கிறது. (இடையில் வட்டி ஏறி இறங்கியதை விட்டுவிட்டு 9 என்றே வைத்திருக்கிறேன், உன் கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.)

மாதத்துக்கு முக்கால் சதவீதம் என்றால் 20 லட்சத்துக்கு முதல் மாத வட்டி 15,000. தவணையில் மீதியுள்ள 2,995 தான் அசலுக்குப் போகிறது. அடுத்த மாதம் அந்த 2,995 ரூபாய்க்கு வட்டி கிடையாது; அப்படி மிச்சமாகும் 22 ரூபாயும் அசலோடு சேர்ந்துகொள்வதால் அசல் பங்கு 3,017 ஆகிறது, அதற்கடுத்த மாதம் 3,040. அதாவது ஒவ்வொரு மாத அசல் பங்கும் முந்தையதைப் போல 1.0075 மடங்கு. பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடரேதான்! அதன் 240 உறுப்புகளைக் கூட்டினால் 20 லட்சம் வரவேண்டும். 1.0075 ஐ 240 முறை பெருக்கினால் 6.009, ஒன்றைக் கழித்து 0.0075 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 667.9, 20 லட்சத்தை அதனால் வகுத்தால் அந்த 2,995 வந்து நிற்கிறது. அதோடு 15,000 வட்டியைக் கூட்டினால் நம் தவணை. ஐந்து வருடமாகக் கட்டிவந்த தொகை எங்கிருந்து பிறந்தது என்று தெரிந்த அந்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதே கணக்கின்படி, தவணையில் வட்டியை அசல் முந்துவது 149 ஆவது மாதத்தில்தான்; பாதிக் கடன் தீர்வதற்கு 14 வருடம் ஆகிறது. ஆகவே அசலில் இன்று விழும் ரூபாய்க்கு இருக்கும் பலம் பின்னால் விழும் ரூபாய்க்குக் கிடையாது. உன் 2 லட்சத்தை இப்போது கட்டிவிட்டு, தவணையை மாற்றாமல் தொடர்ந்தால் கடைசியில் 37 மாதங்கள் குறைகின்றன. தவணைப் பணமாக 6,65,000 ரூபாய்க்கு மேல். பதினைந்தாம் வருட முடிவில் அதே 2 லட்சத்தைக் கட்டினால் குறைவது 16 மாதங்கள்தான். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 லேயே உத்தரவு போட்டுவிட்டது, அதனால் தயங்காதே. பணம் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்திலேயே கொடுத்துவிடு.

இனி மாரப்பன் விஷயம். அவன் ஒரு பைனான்ஸில் 'ஒரு ரூபாய் வட்டிதான்' என்று 1 லட்சம் வாங்கப் போகிறானாம். 24 மாதம், மாதம் 5,167 ரூபாய். வருடத்துக்கு 12 சதவீதம்தானே என்று என்னிடமே வாதாடினான். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், அவர்கள் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் பாக்கிக்கு வட்டி போடும் நம் கடன் முறைப்படி பார்த்தால் அது வருடத்துக்கு ஏறத்தாழ இருபத்தொன்றரை சதவீதம். இரண்டு தடவை விளக்கிவிட்டேன்; அவன் காதில் ஏறவில்லை. தறி ஓடாத மாதத்தில் இவன் எதை வைத்துக் கட்டுவான் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அவன் உன் பேச்சைத்தான் கேட்பான். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறானாம். அதற்குள் நீ அவனிடம் பேசிவிடு.

240 மாதக் கணக்கையும் கையால் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். எங்காவது தப்பு இருந்தால் சுழித்து அனுப்பு.

அன்புடன்,
செல்வராசு