அரசு உயர்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழு கேட்டபடி நம் பள்ளியின் நிறைகுறைகளை இங்கே வைக்கிறேன்.

தேர்ச்சி விழுக்காட்டை முதலில் ஓரமாக வைப்போம். பத்தாம் வகுப்பில் 20 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 5 விழுக்காடு இறங்கும். 200 பேர் எழுதும் பள்ளியில் அரை விழுக்காடுதான். இதை வைத்து ஒரு வருடம் சால்வை போர்த்துவதும் மறுவருடம் சண்டைக்குப் போவதும் வீண். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டில் பாருங்கள். எட்டாவது வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை ஒன்பதாவதில்தான் திணறி நிற்கிறது.

ஐந்து வகுப்பு, பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள். ஆறாவதில் கணக்கு எடுத்தவரே பத்தாவது வரை வருவதால், யாருக்கு வகுத்தல் வராது என்பது அவருக்கு அத்துப்படி. பெரிய பள்ளிகளில் இந்த வசதி அரிது. ஆனால் அவர் மருத்துவ விடுப்பில் போனால் ஐந்து வகுப்புக்கும் கணக்கு நின்றுவிடும்.

அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். 15 எடுத்தால்தான் தேர்ச்சி. குவிலென்சும் மீட்டர் அளவுகோலும் இருக்கின்றன. மின்தடை எண் காணும் சோதனைக்கு வேண்டிய அம்மீட்டரில் முள் நகரவில்லை. ஹைடெக் லேப் என்கிற கணினி அறையில் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனதால், கரண்ட் போனால் இணையத் தேர்வு பாதியில் நிற்கிறது.

காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு முடிகிறது, இலவச சைக்கிள் பதினொன்றாவதில்தான் வருகிறது. இடையில் உள்ள நம் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. முதல் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மதியச் சத்துணவு வரை வெறும் வயிறுதான்; முதல் இரண்டு பாடவேளை தூக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பினர் எழுதும் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் வென்றால் மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. பரீட்சையில் கோட்டை விடுவதைவிட, வருமானச் சான்று தாமதமாவதிலும் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பதிலும்தான் பணம் போகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டாலும் நின்றுவிடும்.

எனவே தீர்மானத்துக்கு மூன்று: அம்மீட்டரும் பேட்டரியும் வாங்குவது, முதல் பஸ் பிள்ளைகளுக்குக் காலையில் சுண்டல் கொடுப்பது, உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்ள உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாக்குவது. கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

செயலாளர்