ஐரோப்பாவுக்கு எந்த ஜெர்கின்?

ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் ஐரோப்பா போகிறவர்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை என்று உங்கள் பயண இணைப்பில் வந்த பட்டியலில், ‘கனமான ஜெர்கின் – 1’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். (ஜாக்கெட் என்று எழுதாததற்கு நன்றி. நம்மூரில் அது தையல்காரரிடம் அளவு கொடுக்கும் சமாச்சாரம்.) ‘கனமான’ என்ற சொல்லில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை போகிறவர்களுக்குத் தேவை காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜெர்கின் ஒன்று, அதற்குள் போட்டுக்கொள்ள ஃபிளீஸ் (கம்பளி போல மெத்தென்ற செயற்கை இழை மேலாடை) ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டாது.

ஒரே பயணத்தில் நாலு விதக் குளிரைப் பார்க்க வேண்டியிருப்பதுதான் காரணம். ஏப்ரலில் பாரிஸ் காலையில் 7 டிகிரி, பிற்பகலில் 16 டிகிரி அளவில் இருக்கும். மே மாத ரோமில் பகலில் சட்டையே போதும். இடையில் சுவிட்சர்லாந்தில் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். அதன் உயரம் 3,454 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்து இன்டர்லாக்கன் 570 மீட்டர். அங்கே 20 டிகிரி இருந்தால் மேலே ஏறக்குறைய 1 டிகிரி என்று கணக்கு வரும். இதில் காற்றைச் சேர்க்கவில்லை. 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது பூஜ்யம்தான்.

அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் பஞ்சடைத்த தடி ஜெர்கினை வாங்கி, மீதி நாளெல்லாம் கையில் சுமப்பவர்களே அதிகம். ரயிலிலும் அருங்காட்சியகத்திலும் உள்ளே பெரும்பாலும் 20 டிகிரி அளவில் இருக்கும். தடி ஜெர்கினோடு நின்றால் வியர்க்கும். வெளியே வந்ததும் அந்த ஈரச் சட்டையே குளிரை இழுக்கும். இரண்டு அடுக்காக இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். மலை உச்சியில் உள்ளே ஒரு தெர்மல் பனியன், தலைக்குக் குல்லா, கைக்கு உறை சேர்த்தால் போதும். டிசம்பரில் போகிறவர்களுக்கும் வெளி ஜெர்கின் இதேதான். ஃபிளீஸுக்குப் பதில் பஞ்சோ இறகோ அடைத்த மெல்லிய ஜெர்கின் உள்ளே போகும். வாத்து இறகு வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளுக்குப் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தது கிடைக்கிறது. அது கொஞ்சம் பருமன். ஆனால் நனைந்தாலும் சூடு தரும். இறகு நனைந்தால் கட்டிகட்டியாகிவிடும்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? துணியை வாயோடு அழுத்தி ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால் அது காற்றைத் தடுக்காது. பிறகு உள்பக்கத்தைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். மழைக்கானது என்றால் ஒவ்வொரு தையல் மீதும் ஒரு விரல் அகலத்தில் டேப் ஒட்டியிருக்கும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் போட்டு டேப் இல்லாமல் வருபவை தூறலுக்கு மேல் தாங்காது. தோள்பையின் பட்டை அழுத்தும் தோள்பட்டைத் தையலில்தான் முதலில் ஒழுகும். லேபிளில் 10,000 மி.மீ. என்று இருந்தால், பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். நகரத்தில் சுற்ற 5,000 போதும். நாள் முழுக்க நடப்பவர்கள் அக்குளுக்குக் கீழே காற்றுக்கு ஜிப் வைத்ததாகப் பார்த்தால் உள்ளே புழுங்காது.

தலைமூடி கட்டாயம் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும். முன்விளிம்பு விறைப்பாக, இழுத்துக் கட்ட நாடாவோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அளவு பார்க்கும்போது ஃபிளீஸைப் போட்டுக்கொண்டு அதன் மேல் போட்டுப் பாருங்கள். ஜிப்பை மேலே வரை இழுத்து இரண்டு கையையும் தூக்கினால் கீழ் விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது, கை நுனி மணிக்கட்டைவிட்டு விலகக் கூடாது. ஆண்கள் ஜெர்கினில் ஐரோப்பிய எண் இருந்தால் அது மார்பளவில் பாதி: 50 என்றால் 100 செ.மீ., நம் கணக்கில் ஏறக்குறைய 40 அங்குலம்.

சேலை, சுடிதார் போடுகிறவர்களுக்கு இடுப்போடு நிற்கும் ஜெர்கின் உதவாது. தொடை நடு வரை வேண்டும். ஆனால் நீளமானதில் கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் உட்காரும்போது இடுப்பில் இறுக்கி, கொசுவத்தை இழுத்துவிடும். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிட்டு ஜிப் போடுவது நல்லது. பட்டு நூல் ஜிப் பல்லில் மாட்டினால் கதை முடிந்தது.

உள்பை இருக்கிறதே என்று பாஸ்போர்ட்டை ஜெர்கினில் வைக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை கழற்றி, ஓட்டல் நாற்காலியில் தொங்கவிடும் துணி அது. பாரிஸ் மெட்ரோவிலும், ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸிலும் ஜேப்படி பேர்போனது. வெளிப் பைகளுக்கு ஜிப் இருக்கட்டும், உள்ளே கைக்குட்டையும் டிக்கெட்டும் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக, உறவினரிடம் இரவல் வாங்குவது பற்றி. அதில் தவறில்லை, இரண்டு வாரத்துக்காக ஆளுக்கொன்று வாங்குவதைவிட நல்லதும்கூட. ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் சில வருஷம் பீரோவில் கிடந்த மழை ஜெர்கினில் உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒட்டினாலோ தூள் உதிர்ந்தாலோ அதைத் திருத்த வழியில்லை. பூச்சு நன்றாக இருந்து, மேலே தெளித்த தண்ணீர் மட்டும் முத்தாக உருளாமல் ஊறினால், அழுக்கோ துணி மென்மைக்கு ஊற்றிய திரவமோ காரணமாக இருக்கலாம். கொஞ்சம் சோப்புத் திரவத்தில் துவைத்து, இரண்டு முறை நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் பழைய குணம் திரும்பும். கிளம்புவதற்கு முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள். அப்போதும் ஊறினால் வேறு ஜெர்கின் தேட நாள் இருக்கும்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆடைத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
திருப்பூர்.