இறக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்: கவுன்டி சாலைத் துறைக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய சாலைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சாலையோரத்தில் நீங்கள் வெட்டும் ரம்பிள் ஸ்ட்ரிப், அதாவது சக்கரம் ஏறினால் அதிரவைக்கும் வரிசைப் பள்ளங்கள், பற்றிய இந்த மடலை ஆங்கிலத்தில் போன மாதமே அனுப்பினேன். "கிடைத்தது, நன்றி" என்று தானாக ஒரு பதில் வந்ததோடு சரி. மனசு ஆறாமல், எனக்குக் கைவந்த மொழியில் ஊரறிய எழுதுகிறேன்.

குறை சொல்லும் முன் ஒன்று. நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க அமெரிக்காவில் உங்கள் தென்மேற்கு விஸ்கான்சின் மாதிரி இடம் லேசில் அமையாது. பனியுகப் பனியாறுகள் இந்தப் பக்கம் ஏறி மழிக்காமல் விட்டதால் மேடும் பள்ளமும் அப்படியே நிற்கின்றன. மிட்வெஸ்ட் என்னும் இந்த நடுமேற்குப் பகுதி என்றால் தட்டை என்று நம்பி வந்தவன் நான். முதல் நாளே முழங்கால் உண்மையைச் சொல்லிவிட்டது. பால் வண்டி பண்ணைக்குப் பண்ணை போயாக வேண்டும் என்று சின்னச் சாலைக்கும் தார் போட்டார்கள். அந்தப் புண்ணியம் எங்களுக்கும் சேர்ந்தது. பழைய ரயில் தடத்தில் போகும் எல்ராய்–ஸ்பார்ட்டா சைக்கிள் பாதையும் அருமைதான், அந்த முக்கால் மைல் சுரங்கத்தில் சொட்டும் குளிர்ந்த நீர் உட்பட. ஆனால் பாதை முடிந்ததும் சாலைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

போன கோடையில் உங்கள் எல்லைக்குள் ஒரு நீண்ட இறக்கம். முன்னும் பின்னுமாக நாலு பைகள். பின்னால் லாரிச் சத்தம் கேட்டு ஓரம் ஒதுங்கினேன். ஓரம் முழுக்கப் புதிதாக வெட்டிய ரம்பிள் ஸ்ட்ரிப். பல் கிடுகிடுத்தது, தண்ணீர் பாட்டில் துள்ளிப் போனது, பிரேக்கில் விரல் நிற்கவில்லை. விழாதது என் சாமர்த்தியம் இல்லை. கீழே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கார் ஓட்டாத ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குதிரை வண்டி ஒன்று வந்தது. அதுவும் ஓரத்தை விட்டுவிட்டு நடுச்சாலையில்தான் வந்தது. பின்னால் பால் லாரி ஊர்ந்தது.

கண் அயரும் ஓட்டுநரை எழுப்ப அந்தப் பள்ளங்கள் வேண்டும், மறுக்கவில்லை. சாலையோர வெள்ளைக் கோட்டோடு ஒட்டிக் குறுகலாக வெட்டி, வெளிப்பக்கம் நாலடி சமதளம் விடுங்கள். சைக்கிள் உள்ளே வெளியே போய்வரப் பள்ள வரிசையில் 60 அடிக்கு ஒருமுறை 12 அடி இடைவெளி விடுவது உங்கள் துறைக்குத் தெரிந்த வழக்கம்தான். இறக்கத்தில் மட்டும் அது போதாது. மணிக்கு 30 மைல் வேகத்தில் 12 அடி என்பது கால் நொடிச் சங்கதி. அதற்குள் பைகளோடு எங்கே வளைப்பது? அங்கே இடைவெளியை இன்னும் நீட்டுங்கள். நாலடி ஓரமே இல்லாத சாலையில் வெட்டாமலே விட்டுவிடுங்கள்.

எந்த இறக்கம் என்று கேட்டால், ஆங்கில மடலோடு வரைபடம் இணைத்திருக்கிறேன். நேரில் போனால் இடது பக்கம் சிவப்புக் களஞ்சியம், வலது பக்கம் சோளக்காடு. என் நீல பாட்டில் இன்னும் அதற்குள்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
அடுத்த கோடையிலும் வரப்போகிற ஒரு சைக்கிள்காரன்