கசங்கிய தாளைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்தது பெரும் நிம்மதி. ஒரு தாளைக் கையால் கசக்கும்போது, ஓரளவுக்கு மேல் அதைச் சிறிதாக்க முடியாமல் போவது ஏன் என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மெல்லிய தாளுக்கு வளைவது எளிது, நீள்வது கடினம்; எல்லாம் இதிலிருந்தே தொடங்குகிறது. தடிமன் பாதியானால், இழுத்து நீட்டத் தேவையான விசை பாதியாகத்தான் குறையும், ஆனால் வளைப்பதற்கு அது காட்டும் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய பட்டையொன்றை இரு முனைகளிலும் பிடித்து அழுத்தினால் அது நீளத்தில் குறுகாமல் பக்கவாட்டில் நெளிந்துகொள்வது இதனால்தான். அந்த நெளிவு எந்த விசையில் தொடங்கும் என்பதை கணித அறிஞர் ஆய்லர் 1744இலேயே கணக்கிட்டுவிட்டார். நீளம் இரட்டிப்பானால் கால் பங்கு விசையே போதும் என்று நாம் சேர்ந்து படித்தது உனக்கும் நினைவிருக்கும்.

நாற்புறமும் அடைபட்ட இடத்தில் இப்படித் தப்பிக்க வழியில்லை. தட்டையான பரப்பு நீளாமல் ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைய முடியாது என்பது கணித அறிஞர் காஸ் 1827இல் நிறுவிய உண்மை. அதைக் கண்ணால் பார்க்க விரும்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டி டம்ளரின் வாய்மீது வைத்து, நடுவில் பென்சில் முனையால் மெல்ல அழுத்தினேன். தாள் கிண்ணம்போல் குழியவில்லை. விளிம்பின் பெரும்பகுதியில் ஒட்டிப் படிந்து, ஒரு பக்கத்தில் மட்டும் விளிம்பை விட்டு மேலே எழும்பி, கூம்பாக மாறியது. பிறகு எடுத்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். தாள் முழுவதும் மாசற்று இருக்க, கூம்பின் நுனி இருந்த இடத்தில் மட்டும் நகக்கீறல் அளவில் ஒரு பிறை விழுந்திருந்தது. தவிர்க்க முடியாத நீட்சி அனைத்தையும் தாள் அந்தச் சிறிய பிறைக்குள் ஒதுக்கிவிட்டது! அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கேள்விக்கு விடையும் அங்கேயே இருக்கிறது. கசக்கிய தாளில் இத்தகைய நுனிகள் பல உண்டாகின்றன. ஒரு நுனியையும் மற்றொன்றையும் இணைத்துக் கூர்மையான முகடுகள் ஓடுகின்றன. அந்த முகடுகள் பந்தலின் கால்களைப்போல் சுமை தாங்குவதால், பந்து இன்னும் சிறிதாக வேண்டுமானால் அவை நெளிந்து முறிந்து, மேலும் குட்டையான புதிய முகடுகளாகப் பிரிய வேண்டும். குட்டையான முகட்டை நெளிக்க அதிக விசை வேண்டும். ஆய்லர் பட்டையின் நெளிவுக்குச் சொன்னதன் சாயல் இங்கும் தெரிகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புகளின் உராய்வும் இதோடு சேர்ந்துகொள்கிறது. உள்ளே பெரும்பகுதி வெறும் காற்றாக இருந்தும் பந்து நம் கையை எதிர்த்து நிற்பது இதனால்தான்.

நீரில் மிதக்கும் மெல்லிய படலத்தின் போக்கு வேறு. பக்கவாட்டில் அழுத்தினால் முதலில் சீரான சுருக்கங்கள் எழுகின்றன. அழுத்திய தூரம் ஒரு சுருக்கத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது, மற்றவை தளர்ந்து ஒரே மடிப்பில் எல்லாம் குவிந்துவிடுகின்றன என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

உயிருள்ள உடலிலும் இதே இயக்கவியல்தான். கருவில் குடல், தன்னைத் தாங்கும் சவ்வைவிட வேகமாக நீள்வதால் நெளிந்து சுருள்கிறது. கோழிக் கருவில் அந்தச் சவ்வைப் பிரித்தெடுத்தால் குடல் நிமிர்ந்துவிடுவதை 2011இல் காட்டினார்கள். வளைவுகளைக் குடல் தானாக வகுத்துக்கொள்கிறது என்றுதான் நான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

கண் நன்றாகத் தேறியதும் அந்த டம்ளர் சோதனையை மெல்லிய ரப்பர் தாளில் செய்து பார். பென்சிலை எடுத்தவுடன் அதில் பிறை தங்காது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்